வன்னியில் விருதுத் திட்டத்தின் பிரதேசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் கொண்ட இளைஞர் திட்டமான எடின்பரோ கோமகன் சர்வதேச விருதில் தங்கம் முடித்த கொஞ்ச நாளிலேயே, "இனி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் பிரதிநிதி" என்று என்னிடம் சொன்னார்கள். ஒரு கடிதம் கிடைத்தது, பத்துப் பன்னிரண்டு தொலைபேசி இலக்கங்கள் கிடைத்தன. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

அந்த முதல் ஆண்டில் எங்கள் பக்கத்தில் ஏழு பிள்ளைகளின் வெண்கலம் இடையில் நின்றுபோனது. ஏழு பேரும் வாரம் தவறாமல் உழைத்தவர்கள். ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டவர் சொந்த மாமா. இன்னொருவருக்குப் பதிவுத் திகதி பிந்தியிருந்தது. மூன்று பேரின் சாகசப் பயணம் மழையில் நின்று, மறுபடி நடக்கவே இல்லை. மற்ற இருவரின் பதிவேட்டை நிரப்ப ஆள் இல்லை. இவை எல்லாமே பிரதிநிதி ஒருவர் முன்கூட்டியே பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை. அந்தப் பிள்ளைகளில் நால்வரை மறுபடி இழுத்துக்கொண்டு வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மூன்று பேர் வரவே இல்லை. உங்கள் பகுதியில் அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் இது பொருந்தும். ஊர்ப் பெயர்கள் மட்டும் என் பக்கத்துப் பெயர்களாக இருக்கும்.

1. எது உங்கள் வேலை, எது இல்லை என்பதை முதல் வாரமே பிரித்துக்கொள்ளுங்கள்

திட்டத்துக்குள் ஏற்கெனவே பல பொறுப்புகள் இருக்கின்றன. பாடசாலையிலோ கழகத்திலோ பிள்ளைகளை வழிநடத்துபவர் விருதுத் தலைவர். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தான், "பொறுப்பு மிஸ்", "பொறுப்பு சேர்" என்று சொல்வோம். சேவை, திறன், உடற்பயிற்சி என்ற ஒவ்வொரு பிரிவிலும் பிள்ளை செய்ததைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர் மதிப்பீட்டாளர். குழுவாக வெளியே போய் இரவு தங்கிவரும் சாகசப் பயணத்துக்குத் தனியாக ஒரு மேற்பார்வையாளரும் ஒரு மதிப்பீட்டாளரும் வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் மேலே கொழும்புப் பக்கம் தேசிய அலுவலகம்.

பிரதிநிதி இவர்களில் ஒருவரும் இல்லை. ஊருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் தகவல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்பவர். புதிய பிள்ளைக்கு விளக்குவது, திகதிகளை நினைவூட்டுவது, காணாமல்போன கையெழுத்தைத் தேடிப்பிடிப்பது, பிள்ளைகளின் குறையை மேலே கொண்டுபோய்ச் சொல்வது. இந்த நான்கும்தான் உங்கள் வேலை.

நான் முதலில் விட்ட பிழை, எல்லாவற்றையும் நானே செய்யப்போனது. ஒரு பாடசாலையில் பொறுப்பாசிரியருக்கு நேரமில்லை என்றதும் அவருடைய வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளின் பதிவை அங்கீகரிக்க வேண்டிய இடத்தில் அவருடைய ஒப்புதல் தேவைப்பட்டது. "எனக்கு இது பற்றி ஒன்றும் தெரியாதே பிள்ளை" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பொறுப்பாசிரியர் இல்லாத இடத்தில் முதல் வேலை ஒருவரைக் கண்டுபிடிப்பது. அவர் கிடைக்கும்வரை புதிய பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.

2. காலக்கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி "எவ்வளவு நாள் எடுக்கும் அக்கா?" என்பதுதான். தடுமாறாமல் பதில் சொல்லுங்கள்.

திட்டம் 14 வயதிலிருந்து 24 வயதுவரை உள்ளவர்களுக்கு. வெண்கலம் தொடங்க 14, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 25ஆவது பிறந்தநாளுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

வெண்கலத்துக்குக் குறைந்தது 6 மாதம். சேவை, திறன், உடற்பயிற்சி மூன்றும் தலா 13 வாரம். அவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிவுசெய்து இன்னும் 13 வாரம் கூடுதலாகச் செய்ய வேண்டும். வெள்ளிக்கு மூன்றும் தலா 26 வாரம். வெண்கலம் முடித்தவருக்கு 6 மாதம் போதும், நேராக வெள்ளிக்கு வருபவருக்கு 12 மாதம். தங்கத்துக்குத் தலா 52 வாரம். வெள்ளி முடித்தவருக்கு 12 மாதம், நேராக வருபவருக்கு 18 மாதம். நேராக வருபவர்கள் வெள்ளியிலும் தங்கத்திலும் ஏதாவது ஒரு பிரிவில் 26 வாரம் கூடுதலாகச் செய்ய வேண்டும். தங்கத்தில் மட்டும், வழக்கமாகப் பழகாதவர்களோடு 5 நாள் 4 இரவு தங்கிச் செய்யும் வதிவிடத் திட்டமும் உண்டு.

மூன்று பிரிவையும் ஒரே காலத்தில் சமாந்தரமாகச் செய்யலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்று முடித்துத்தான் மற்றது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொறி ஒன்று: கணக்கு வாரத்தில், மணியில் இல்லை. வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம், அதுவும் தொடர்ச்சியாக. இரண்டு சனிக்கிழமை முழுக்கச் சிரமதானம் செய்துவிட்டு "13 மணி நேரம் ஆகிவிட்டது" என்றால் ஏற்கமாட்டார்கள்.

பொறி இரண்டு: 24 வயதுக்காரர். தங்கத்துக்கு நேராக வருபவர் 23 வயதும் 6 மாதமும் தாண்டியிருந்தால் அவருக்குக் காலம் போதாது. அதை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லி, வெள்ளிக்கு நேரம் இருக்கிறதா என்று அவரோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள். காசு கட்டிய பிறகு சொன்னால் உங்களைப் பிறகு ஊரில் நம்பமாட்டார்கள்.

3. கதவுகளைத் தட்டும் வரிசை

ஒரு கோப்பு வாங்குங்கள். அதில் முதலில் இருக்க வேண்டியது உங்களை நியமித்த கடிதம். வாய்ச்சொல்லில் மட்டும் பொறுப்புத் தந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள். கடிதம் இல்லாமல் போன இரண்டு இடங்களில் என்னை விறாந்தையிலேயே இருத்திவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே உங்கள் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் நற்சான்றிதழ், திட்டம் பற்றி ஒரு பக்கத்தில் தமிழ் விளக்கம். இந்த விளக்கத்தை நீங்களே எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் துண்டுப்பிரசுரத்தை நம் அம்மாமார் வாசிக்கமாட்டார்கள்.

பாடசாலைக்குப் போவதென்றால் முதலில் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம், பிறகு அதிபர், அதற்குப் பிறகு ஆசிரியர். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு மூன்று வாரம் வீணாகும். பாடசாலை விட்ட பிள்ளைகளுக்கு பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை அதிகாரியைப் பாருங்கள். ஊருக்குள் விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், மாதர் சங்கம். விதானையாரை, அதாவது கிராம அலுவலரை, மறக்கவே மறக்காதீர்கள். அவர் ஒரு சொல் சொன்னால் பெற்றோர் பாதி சம்மதித்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தைக் காலபோக அறுவடைக் காலத்தில் வைக்காதீர்கள். நான் மாசி மாதத்தில் வைத்தேன். இருபத்தைந்து பேரை எதிர்பார்த்த இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வயலில்.

4. பெயரும் பிறந்த திகதியும்

இந்தப் பகுதியை ஒரு முறைக்கு இரண்டு முறை வாசியுங்கள். அதிக கண்ணீர் இங்கேதான்.

பதிவு இணையத்தில் நடக்கும். அங்கே முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், ஆங்கில எழுத்தில் நிரப்ப வேண்டும். நம் பிள்ளைகள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டு, தங்கள் பெயரை இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுவார்கள். சான்றிதழில் வருவது அங்கே எழுதியதுதான். ஒரு மாணவிக்கு மேடையில் தகப்பனின் பெயரைத்தான் வாசித்தார்கள். அவள் எழுந்து போகவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பதிவுக்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுங்கள். பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர் இரண்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்றோர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 14, 15 வயதுப் பிள்ளைகள் பலருக்கு அடையாள அட்டை இருக்காது, பிறப்புச் சான்றிதழ் தமிழில்தான் இருக்கும். ஆகவே ஆங்கில எழுத்து எது என்று முடிவெடுக்க வேறு ஆவணம் இல்லை. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் என்ன எழுதினார்களோ, அல்லது எழுதப்போகிறார்களோ, அதையே இங்கும் எழுதச் சொல்லுங்கள். 'ழ'வுக்கு ஓர் இடத்தில் ஓர் எழுத்தும் மறு இடத்தில் இன்னோர் எழுத்தும் போட்டால், பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ சான்றிதழை நீட்டும்போது அது யாருடையது என்று கேட்பார்கள்.

பிறந்த திகதி அடுத்தது. 2009இல் இடம்பெயர்ந்த வீடுகளில் ஆவணங்கள் தொலைந்தன. இன்று வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் மூத்த சகோதரர்களுக்கும் அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சிலரிடம், பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். அதையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துத் திகதி ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பதிவுக்கு முன்பே பொறுப்பாசிரியர் ஊடாக அலுவலகத்துக்கு எழுதி, எதை ஏற்பார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரிதில்லை. ஆனால் ஒரே நாளில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு வாரத்தை ஒதுக்கிவையுங்கள்.

இன்னொன்று. ஆவணங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களைப் படம் பிடித்து உங்கள் போனில் வைத்திருக்காதீர்கள். கடவுச்சொல்லையும் கேட்காதீர்கள். "அக்கா நீங்களே போட்டு விடுங்கோ" என்று அவர்களே தருவார்கள். வாங்காதீர்கள். பக்கத்தில் இருந்து அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

5. பதிவுத் திகதிக்குப் பிறகுதான் எல்லாம்

பதிவு ஏற்கப்படுமுன் செய்த வேலை கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாகக் கரப்பந்து விளையாடும் பிள்ளைக்கும் முதல் வாரம் பதிவுக்குப் பிறகு வரும் வாரம்தான். தை மாதம் பதிவு என்று பேசிவிட்டு, காசு கட்டிய பற்றுச்சீட்டை மாசியில் அனுப்பினால் பிள்ளை ஒரு மாதத்தை இழக்கும். பற்றுச்சீட்டை வங்கியில் இருந்து வெளியே வந்ததும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

6. மதிப்பீட்டாளர் யார்?

மதிப்பீட்டாளர் உறவினராக இருக்கக் கூடாது. இது நகரத்தில் எளிது. நம் ஊரில் ஒரு கிராமத்தில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமா, சித்தப்பா. பிள்ளைக்குத் தையல் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய பெரியம்மாவாக இருப்பார். கற்பிப்பது பெரியம்மாவாக இருக்கட்டும், மதிப்பிடுவதற்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவரைத் தேடுங்கள்.

நான் இதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்தக் கிராமத்தில் யாருக்கு என்ன தெரியும்: மிருதங்கம், சைக்கிள் திருத்தம், பாய் இழைத்தல், தேனீ வளர்ப்பு, கணினி. பெயர், தொழில், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்ற குறிப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் மிக நல்ல மதிப்பீட்டாளர்கள், எழுதித் தருவார்கள். மிகவும் திறமையான ஒரு கைவினைஞர் எழுதத் தயங்குவார். அவர் வாயால் சொல்லட்டும், பிள்ளை தமிழில் எழுதட்டும், அவர் வாசிக்கக் கேட்டுக் கையொப்பமிடட்டும். இணையத்தில் ஏற்றும்போது ஆங்கிலத்தில் தேவைப்பட்டால் நீங்கள் உதவலாம். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது.

கையெழுத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். மதிப்பீட்டாளரை முதல் வாரமே பிள்ளை நேரில் போய்ப் பார்த்து, இலக்கு என்ன என்று பேசியிருக்க வேண்டும். 13 வாரம் முடிந்த பிறகு முதல் தடவையாகப் போய் "கையெழுத்துப் போடுங்கோ" என்று நின்றால் மானமுள்ள எவரும் போடமாட்டார்.

சேவைப் பிரிவில் இன்னொரு பொறி: காசு வாங்கிச் செய்தது சேவை ஆகாது. சொந்த வீட்டு வேலையும் ஆகாது. அம்மம்மாவைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியம்தான், ஆனால் விருதுக்குப் பக்கத்து வீட்டு முதியவருக்கு மருந்து எடுத்துக்கொடுப்பதைத்தான் எழுதலாம்.

7. இணையப் பதிவேடு

வாரக் குறிப்புகளை எல்லாம் முதலில் ஒரு சாதாரணக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். திகதி, நேரம், என்ன செய்தேன், இரண்டு வரி. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது ஏற்றலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி இரண்டு மணி நேரத்தில் ஏற்றி முடிப்பது எங்களுக்குச் சரிவந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாத டேட்டா போடுவதைவிட இது மலிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் யார் பின்தங்குகிறார் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் குறிப்பு இல்லை என்றால் திட்டாதீர்கள். வீட்டில் ஏதோ நடந்திருக்கும். தகப்பனுக்கு உடம்பு முடியாமல் இருக்கும், அல்லது பிள்ளையே கூலிக்குப் போயிருக்கும். இடையில் நிறுத்திப் பிறகு தொடரலாம் என்று சொன்னால் அந்த முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

8. சாகசப் பயணம்: எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்

வெண்கலத்துக்கு 2 நாள் 1 இரவு, நாளுக்கு 6 மணி நேர முயற்சி. வெள்ளிக்கு 3 நாள் 2 இரவு, 7 மணி நேரம். தங்கத்துக்கு 4 நாள் 3 இரவு, 8 மணி நேரம். ஒரு குழுவில் 4 முதல் 7 பேர். பயிற்சி முடித்து, ஒத்திகைப் பயணம் போய்வந்த பிறகுதான், விருதுக்குக் கணக்கில் வரும் தகுதிப் பயணம். மோட்டார் வாகனம் கூடாது. நடக்கலாம், சைக்கிளில் போகலாம். நம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கைவந்த கலை, அதைப் பயன்படுத்துங்கள்.

காலம்: ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வைக்கவே வைக்காதீர்கள். குளங்கள் வான்பாயும், வீதிகள் மூடும். என் முதல் ஆண்டில் அந்த மூன்று பிள்ளைகளின் பயணம் நின்றது கார்த்திகை மழையில்தான். ஆடி, ஆவணியில் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும். அறுவடை முடிந்து, சித்திரைப் புதுவருடத்துக்கு முன் உள்ள பங்குனி எங்களுக்கு நன்றாக அமைந்தது. பரீட்சை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பாதை: இது வன்னி. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத காணிகள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் மட்டுமன்றி, ஊரார் அன்றாடம் போய்வராத எந்தக் காட்டுப்பாதையும் வேண்டாம். பலகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளம் மண்ணை அரித்தால் புதைந்தது வெளியே வரும். விதானையாரிடமும், அந்தப் பக்கம் விறகுக்கும் மாட்டுக்கும் போகிறவர்களிடமும் பாதையைக் காட்டிக் கேளுங்கள். இரும்புத்துண்டு எதையும் தொடக் கூடாது என்பதைப் புறப்படும் காலையில் மறுபடி சொல்லுங்கள், தங்கத்துக்கு வந்த பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது யானை. காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு புறப்பட்டு, மாலை 4 மணிக்குள் தங்குமிடத்துக்கு வந்துவிட வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம் என்ற கணக்கை இதற்குள் அடக்கலாம், நாங்கள் அடக்கியிருக்கிறோம். குளங்களில் குளிப்பதை அனுமதிக்காதீர்கள். முதலை இருக்கும், தாமரைக் கொடி காலில் சுற்றும்.

பயணத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும், சும்மா சுற்றிவருவது ஏற்கப்படாது. முள்ளியவளைப் பிள்ளைகளின் ஒரு குழு ஒட்டுசுட்டான் வழியாக முத்தையன்கட்டுக் குளத்துக்குச் சைக்கிளில் போனது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி யாருடைய வயலுக்கு எந்த முறையில் போகிறது என்று கமக்காரர்களிடம் கேட்டு வரைபடம் போட்டார்கள். மன்னார்ப் பக்கத்தவர்களுக்குக் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது, கிளிநொச்சிக்கு இரணைமடு. பறவை, பழைய மதகு, ஊர்ப் பெயர்க் காரணம் என்று எதையும் எடுக்கலாம்.

அனுமதிகள், வரிசைப்படி:

- 8 வாரத்துக்கு முன்: பாதை, குழு, மேற்பார்வையாளர், மதிப்பீட்டாளர் முடிவு. பொறுப்பாசிரியர் ஊடாக அலுவலகத்துக்கு அறிவித்தல்.
- 6 வாரத்துக்கு முன்: பெற்றோர் கூட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி சம்மதக் கடிதம். நோய், மருந்து, ஒவ்வாமை விபரம் அதிலேயே.
- 5 வாரத்துக்கு முன்: பாடசாலைப் பிள்ளைகள் என்றால் அதிபர், வலயப் பணிமனை. பாதை ஒதுக்குக் காட்டைத் தொட்டால் வனத் திணைக்களத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கடிதம். தொடாமல் பாதையை மாற்றுவது இன்னும் நல்லது.
- 3 வாரத்துக்கு முன்: பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவித்தல் கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்கிவையுங்கள்.
- 1 வாரத்துக்கு முன்: பாதை முழுவதையும் மேற்பார்வையாளர் ஒரு தடவை போய்ப் பார்த்தல்.

அந்த முத்திரை வாங்கிய பிரதியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு தடவை தங்குமிடத்தில் இரவு எட்டரை மணிக்கு வந்து "நீங்கள் யார், என்ன கூட்டம் இது?" என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். முத்திரைக் கடிதத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு விடயம் கட்டாயம் வரும். மேற்பார்வையாளர் குழுவோடு கூடவே நடக்கமாட்டார், தள்ளி நின்று கவனிப்பார், குறித்த இடங்களில் சந்திப்பார். திட்டத்தின் முறை அது. "என்ன, குமர்ப் பிள்ளைகளைத் தனிய விடுறதோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் பயத்தை மதியுங்கள். எங்கே எங்கே சந்திப்பார், இரவில் எந்தப் பெண் ஆசிரியர் கூட இருப்பார், எங்கே தங்குவார்கள் என்று வரைபடத்தில் காட்டுங்கள். பெண்பிள்ளைகள் குழுவுக்கு நாங்கள் பாடசாலை வளவிலோ தேவாலய வளவிலோ கூடாரம் அடித்தோம். ஒரு தாய் வந்து அன்றிரவு அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் தன் இரண்டாவது மகளையும் அவரே கூட்டிவந்தார்.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. பொலிசுக்கு 119. காட்டுப் பக்கத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும் எங்கே கிடைக்காது என்று பாதை பார்க்கும் நாளிலேயே குறித்து, அருகில் உள்ள வைத்தியசாலை எது (எங்களுக்கு மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு) என்று எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வையுங்கள். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு 4 லீற்றராவது. வழியில் தெரியாத கிணற்றில் நிரப்ப வேண்டாம், சுத்திகரித்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முதலே பார்த்துவையுங்கள்.

9. காசு

பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஆண்டும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், போன வருடக் கணக்கைச் சொல்லாதீர்கள். காசை உங்கள் கையில் வாங்காதீர்கள். பிள்ளையோ பாடசாலையோ நேராகக் கட்டட்டும். ஐந்நூறு ரூபாய் குழப்பத்தில் ஐந்து வருட நல்லபெயர் போன கதை எங்கள் பக்கத்தில் உண்டு.

கட்டணத்தைவிடப் பெரிய செலவு பயணம்தான். எங்களுடைய வெண்கலப் பயணம் ஒன்றில் ஆறு பேருக்கு உணவு, மருந்துப்பெட்டி, சைக்கிள் திருத்தம், போட்டோக்கொப்பி எல்லாம் சேர்த்து 13,800 ரூபாய் ஆனது. ஒத்திகைப் பயணத்துக்கும் தனியாக ஒதுக்க வேண்டும். கூடாரம் வாங்க ஓடாதீர்கள். சாரணர் குழு உள்ள பாடசாலையில் இரவல் கேளுங்கள், எழுதிக்கொடுத்து வாங்கி, காயவைத்துத் திருப்பிக்கொடுங்கள். அரிசி, பருப்பு, தேங்காய் வீட்டிலிருந்தே வரும். மிச்சத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சிட்டைகளோடு கணக்கு அனுப்புங்கள், அடுத்த தடவை கேட்காமலேயே தருவார்கள்.

உங்கள் சொந்தச் செலவையும் எழுதிவையுங்கள். பஸ், டேட்டா, கொப்பி, தேநீர் என்று என் முதல் ஆண்டில் கையிலிருந்து 22,000 ரூபாய்க்கு மேல் போனது. வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். இதை மாதாமாதம் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், முடியாத மாதத்தில் போகாதீர்கள்.

10. மேலே பேசுவது

பிரதிநிதி என்ற சொல்லுக்கு இந்தப் பகுதிதான் அர்த்தம். உலக அளவிலும் இந்தத் திட்டம் ஆப்பிரிக்கா, அமெரிக்காக்கள், ஆசிய பசிபிக், ஐரோப்பா-மத்தியதரை-அரபு நாடுகள் என்று நான்கு பிராந்தியங்களாகப் பிரிந்திருக்கிறது. அங்கேயும் இளைஞர்கள் தங்கள் பிராந்தியத்துக்காகப் பேசுகிறார்கள். நாம் ஆசிய பசிபிக்கில் இருக்கிறோம். மல்லாவியில் ஒரு பிள்ளை படும் சிரமம் அந்த மேசைவரை போக வேண்டுமென்றால் முதல் படி நீங்கள் எழுதும் அறிக்கை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரே பக்கம் போதும். எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் தொடர்கிறார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள், என்ன தேவை. "சிரமமாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "நான்கு பாடசாலைகளில் படிவம் தமிழில் இல்லாததால் பெற்றோர் கையொப்பமிடத் தயங்குகிறார்கள், தமிழ்ப் படிவம் வேண்டும்" என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதிய மூன்றாவது அறிக்கைக்குத்தான் பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் வரவில்லை. விடாதீர்கள், முந்தைய கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

எழுதுமுன் பிள்ளைகளிடம் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் பேசமாட்டார்கள். பெயர் இல்லாமல் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னபோதுதான், பஸ் இல்லாததால் மூன்று பெண்பிள்ளைகள் பயிற்சி முடிந்து ஆறு கிலோமீற்றர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது. அடுத்த வாரமே பயிற்சி நேரத்தை மாற்றினோம்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். தனிப்பட்ட செய்தி அனுப்பாமல், பெற்றோரும் உள்ள வட்சப் குழுவில் பேசுங்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காத படத்தை எங்கேயும் போடாதீர்கள். ஒரு பிள்ளை வீட்டிலோ பாடசாலையிலோ தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் நீங்களே விசாரிக்கப் போகாதீர்கள். பொறுப்பாசிரியரிடமும் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் அன்றே சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் இருக்கிறது.

11. கையளிப்பு

பொறுப்பை விடுவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு திரியுங்கள். விதானையார் வீட்டுக்கும் அதிபர் அலுவலகத்துக்கும் அவரும் வரட்டும், முகம் தெரியட்டும். கையளிக்க வேண்டியவை: நியமனக் கடிதங்களின் கோப்பு, முத்திரை வாங்கிய பிரதிகள், மதிப்பீட்டாளர் கொப்பி, பயணப் பாதை வரைபடங்கள், இரவல் வாங்கிய பொருட்களின் பட்டியல், இடையில் நிற்கும் பிள்ளைகளின் பட்டியல்.

கடைசிப் பட்டியலை மட்டும் நேரில் இருந்து வாசித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை வாரம் மிச்சம், 25ஆவது பிறந்தநாள் எப்போது, வீட்டுக்கு எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். என்னுடைய பட்டியலில் இப்போது பதினொரு பெயர். திரும்பி வராத அந்த மூவரும் அதில் இருக்கிறார்கள், அவர்களில் இளையவருக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.